நான்கு-யு பூட்டா, ரோஸ் பூட்டா?

30 டிகிரியில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், 42-ல் பேச வேண்டும். ஈ. கோலி பாக்டீரியாவில் ஒரு மரபணுவுக்கு அப்படியொரு பூட்டு தேவைப்பட்டபோது எங்கள் முன் இரண்டு ஆர்.என்.ஏ. வெப்பமானிகள் இருந்தன: ரோஸ், நான்கு-யு. இரண்டாவதை எடுத்தோம். இன்றும் நான் அதன் கட்சிதான்.

வேலை இரண்டுக்கும் ஒன்றே. மரபணுவின் செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.வில், புரதம் செய்யும் ரைபோசோம் வந்து அமரும் இடத்தைக் குளிரில் மடித்து மறைக்கும்; சூட்டில் மடிப்பு அவிழும். காவலுக்குத் தனிப் புரதம் வேண்டாம்.

ரோஸ் சோயா வேர்முடிச்சு பாக்டீரியாவில் அகப்பட்டது. ஈ. கோலியிலும் அதன் உறவு ஒன்று உண்டு என்பதால் உள்ளூர்ச் சரக்கு என்ற கவர்ச்சி அதற்கு.

நான்கு-யு 2007-ல் சால்மொனெல்லா பாக்டீரியாவில் வெளிப்பட்டது. ஆர்.என்.ஏ.வின் எழுத்துகள் ஏ, யு, ஜி, சி. ரைபோசோமின் இடமான ஏஜிஜிஏ-வுக்கு எதிரே நான்கு யு எழுத்துகள்: ஓரங்களில் ஏ-யு ஜோடி, நடுவில் இரண்டு ஜி-யு. எல்லாமே இளகிய பிடி.

எனக்கு முடிவைச் சொன்னது ஒக்கிடும் வசதி. முதல் தடவை 30 டிகிரித் தட்டிலேயே கசிவு தெரிந்தது: மூடியிருக்க வேண்டிய மரபணு கொஞ்சம் பேசியது. மடிப்பில் ஒரு ஜி-க்கு எதிரே பொருந்தாமல் நின்ற ஏ-வை சி ஆக்கினோம். இரண்டும் ஒட்டிக்கொண்டன, கசிவு அடங்கியது. ஆனால் திறக்கும் சூடும் ஏறிவிட்டது. இன்னோரிடத்தில் ஒரு ஜோடியைத் தளர்த்தி ஈடுகட்டினோம். ரோஸில் இந்தத் தைரியம் வராது. அதில் இரண்டு முதல் நான்கு கொண்டை ஊசி மடிப்புகள். ரைபோசோம் இடத்துக்கு எதிரே சும்மா நிற்பதுபோலத் தெரியும் ஒரு ஜி-யை எடுத்துவிட்டால் போதும், பூட்டு இறுகிச் சூட்டிலும் திறக்காது. அந்த ஜி எதிரில் உள்ள இன்னொரு ஜி-யோடு பின்னியிருப்பது கட்டமைப்பைப் பார்த்தால்தான் புரியும்.

இடையில் ஒரு வீண்பழி. பூட்டு திறந்ததா என்று காட்டப் பச்சையாக ஒளிரும் புரதம் ஒன்றின் மரபணுவை மாட்டியிருந்தோம். 42-ல் ஒளி குறைந்ததைக் கண்டு வெப்பமானியைத் திட்டினோம். குற்றவாளி அந்தப் புரதம்தான். சூட்டில் அது சரியாக மடிவதில்லை. அடையாளம் காட்டச் சூடு தாங்கும் நொதிக்கு மாறிய பிறகே உண்மை தெரிந்தது.

மரபணுவை மாற்றினால் அதன் தொடக்க எழுத்துகள் மடிப்பைக் கெடுக்கலாம்; இதில் இரண்டும் ஒரே ரகம். வேர்முடிச்சு பாக்டீரியாவில் நான் எதையும் போட்டுப் பார்த்ததில்லை. அங்கே வேலை என்றால் ரோஸையே முதலில் எடுப்பேன்.