கரண்ட் போனால் சோலாரும் போகும்: மாடியில் 3 கிலோவாட் போட்டவனின் புலம்பல்

ஜிஎஸ்டி குறைந்ததிலிருந்து எங்கள் தெருவில் எனக்கு மவுசு கூடிவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பேனலுக்கான வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. அதற்கப்புறம் பால் பூத், ரேஷன் கடை, கோயில் வாசல் என்று எங்கே நின்றாலும் ஒரே விசாரிப்புதான்: "மாடியில போட்டீங்களே, எப்படி? போடலாமா?" அன்றன்றைக்கு இருந்த மனநிலைக்கு ஏற்ப ஆளுக்கொரு பதில் சொல்லி வைத்திருக்கிறேன். ரெண்டு பேர் பேசி ஒப்பிட்டுப் பார்த்தால் என் மானம் போய்விடும். அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்த வரி விஷயம். 7 சதவீதம் அப்படியே குறையும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு சோலார்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பேனல், இன்வெர்ட்டர், மாட்டுகிற வேலை எல்லாம் சேர்த்து ஒரே பில்லாகப் போடும்போது, தொகையில் 70 சதவீதத்தைப் பொருளாகவும் 30 சதவீதத்தைச் சேவையாகவும் பிரிப்பார்கள். சேவைப் பகுதிக்கு 18 சதவீத வரி அப்படியேதான் இருக்கிறது. ஆக மொத்தத்தில் 13.8 ஆக இருந்தது 8.9 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு தரும் பி.எம். சூர்ய கர் மானியத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அது 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000. 3 போட்டாலும் அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000 ரூபாய்தான்.

ஊர் விழுப்புரம். என்னுடையது 3 கிலோவாட், பேட்டரி இல்லாத சாதாரண ஆன்-கிரிட், அதாவது மின்வாரிய லைனோடு (அதுதான் கிரிட்) இணைந்து ஓடுவது. அந்தத் திட்டம் வந்த 2024-லேயே போட்டது. ஃபெஞ்சல் புயலையும் பார்த்துவிட்டது, கத்திரி வெயிலையும் பார்த்துவிட்டது.

இதில் எனக்குக் கிடைத்த மிக நல்ல யோசனை சோலார்காரரிடமிருந்து வரவில்லை. பின் தெருவில் இருக்கும் டீச்சரிடமிருந்து வந்தது. அவர்கள் வீட்டில் எங்களுக்கு முன்பே போட்டிருந்தார்கள், இடுப்பு உயரத்துக்கு. "சார், காசைப் பார்க்காதீங்க, ஆள் நிமிர்ந்து நடக்கிற மாதிரி எட்டடி தூக்கிப் போடச் சொல்லுங்க. எங்க மாடி போச்சு. தண்ணித் தொட்டி கழுவக்கூட குனிஞ்சுதான் போறோம்" என்றார். ஸ்டாண்டு உயரத்துக்காகத் தனியாகப் பணம் கேட்டார்கள். கொடுத்தேன். இன்றைக்கு வீட்டில் உள்ளவர்களிடம் சோலாரால் என்ன லாபம் என்று கேட்டால் கரண்ட் பில்லைச் சொல்ல மாட்டார்கள். மாடியில் நிழல் கிடைத்தது என்பார்கள். தளத்தில் நேராக வெயில் விழாததால் அதற்குக் கீழே இருக்கும் படுக்கையறை ராத்திரியில் முன்பு மாதிரி கொதிப்பதில்லை. முன்னெல்லாம் பதினொரு மணிக்குக்கூட கூரையிலிருந்து அனல் இறங்கும். இப்போது பேனல் நிழலுக்குள் வராத பக்கத்து அறையில் மட்டும்தான் அந்த அனல். இதை எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை. தெருவில் கேட்கிறவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்கிறேன். எட்டடி.

சரி, இப்போது வயிற்றெரிச்சலுக்கு வருவோம்.

கரண்ட் போனால் இந்தச் சோலாரும் போய்விடும். பலருக்கு இது தெரியாது. சொன்னாலும் நம்ப மாட்டார்கள். "அது எப்படி சார், வெயில் அடிக்குதே?" ஆமாம், அடிக்கிறது. பேனல் சுடச்சுட உட்கார்ந்திருக்கிறது. ஆனால் மாடிப்படிக்குக் கீழே சுவரில் மாட்டியிருக்கும், பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் சோலார் இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரியும். திரையில் கிரிட் இல்லை என்று வரும். யூனிட் பூஜ்யம். கரண்ட் திரும்பி வந்த பிறகாவது உடனே ஓடுமா என்றால் அதுவும் கிடையாது. லைன் நிலையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு விநாடிகளைப் பின்னாலிருந்து எண்ணும். எண்ணி முடிக்கும் முன் மறுபடி கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. அந்த எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட பல் வலி தேவலை.

மாதாந்திரப் பராமரிப்பு என்று லைனை நிறுத்துவது எப்போது? காலை ஒன்பதிலிருந்து மதியம் ரெண்டு வரை, சில நேரம் ஐந்து வரை. சோலார் நன்றாக ஓடக்கூடிய நேரமும் அதேதான். மேலே மூன்று கிலோவாட் சும்மா காய்ந்துகொண்டிருக்க, கீழே பழைய டியூபுலர் பேட்டரியை நம்பி ஒரு ஃபேனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அன்றைக்குத்தான் யாராவது காலிங் பெல்லுக்குப் பதில் கதவைத் தட்டுவார்கள். "உங்க வீட்லயும் இல்லையா? சோலார் இருக்கே?" இந்தக் கேள்விக்கு நான் சிரித்துச் சமாளித்த காலம் உண்டு. இப்போது சிரிப்பு வருவதில்லை.

ஒப்பந்தம் போடும்போது சோலார்காரர் இதைச் சொன்னாரா என்றால், கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவர் காட்டிய அட்டையில் இரவில் விளக்கெரியும் வீடும் சிரிக்கும் குடும்பமும் இருந்தன. கீழே பொடி எழுத்தில் ஆன்-கிரிட் என்று இருந்தது. பேனல் எத்தனை வருஷம் உழைக்கும், மானியம் எப்போது வரும் என்று அரை மணி நேரம் பேசிய மனிதர், இதற்கு ஒரு வரி செலவழித்திருக்கலாம்.

எங்கள் தெருவில் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு அண்ணன் இருக்கிறார். அவரிடம் போய்ப் புலம்பினேன். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால் கோபப்பட்டார். "லைனை ஆஃப் பண்ணிட்டுதானே தம்பி கம்பத்துல ஏறுறோம். அந்த நேரம் உன் மாடியிலேர்ந்து கரண்ட் லைனுக்குள்ள வந்தா மேல இருக்கிறவன் கதி என்ன?" கிரிட் செத்தவுடன் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிட வேண்டும் என்பது அதற்காக வைத்த பாதுகாப்பு. ஆன்டி-ஐலேண்டிங் என்கிறார்கள். அந்த வசதி இல்லாமல் லைனோடு இணைக்கவே விட மாட்டார்கள். அண்ணன் சொல்வது நியாயம். நியாயம் என்று தெரிந்தபின் யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. எரிச்சல் அதனால் குறையவும் இல்லை.

ஒரு எலக்ட்ரீஷியன் இதற்கு வழி சொன்னார். வீட்டில் இருக்கும் பேட்டரி இன்வெர்ட்டரின் அவுட்புட்டைக் காட்டி, லைனில் கரண்ட் இருப்பதாக சோலார் இன்வெர்ட்டரை 'ஏமாற்றி' விடலாமாம். தயவுசெய்து யாரும் செய்து பார்க்காதீர்கள். லைனில் இருக்கும்போது மிச்சக் கரண்ட் வெளியே போக வழி இருக்கிறது. இப்படி ஏமாற்றி ஓட்டினால் அந்த மிச்சம் போக இடமில்லாமல் பேட்டரி இன்வெர்ட்டருக்குள்ளேயே திரும்பும். பேட்டரியும் போகும், இன்வெர்ட்டரும் போகும். லைன்மேன் அண்ணன் காதில் இது விழுந்திருந்தால் அந்த எலக்ட்ரீஷியன் எங்கள் தெருப் பக்கமே வந்திருக்க முடியாது.

ஃபெஞ்சல் சமயத்தில்தான் இது உச்சத்துக்குப் போனது. 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் கொட்டிய மழையைத்தான் எல்லாரும் பார்த்தோமே. தென்பெண்ணையில் வெள்ளம் வேறு. எங்கள் பக்கம் கம்பங்கள் சாய்ந்து கரண்ட் போனது போனதுதான். மழை இருந்தவரை சோலாரைப் பற்றி யாருக்கும் நினைப்பே இல்லை. அப்புறம் ஒரு காலையில் வானம் வெளுத்தது. நல்ல சுள்ளென்ற வெயில். மழையில் கழுவிய பேனல் பளபளவென்று இருந்தது. கையில் ரெண்டு மூன்று போனோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சார்ஜ் போட. ஒவ்வொருவருக்கும் ஆன்-கிரிட் பாடம் நடத்தினேன். ஒரு பாட்டி முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்ப எதுக்குப்பா இவ்ளோ காசைப் போட்ட?" என்றார். கடைசியில் எல்லாருக்கும் சார்ஜ் கொடுத்தது முனையில் இருக்கும் கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர்.

நியாயமாக மற்றதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுக்கிற நாள் நெருங்கினால் எல்லா வீட்டிலும் ஒரு பேச்சு வரும்: 500-ஐத் தாண்டிடுச்சா? தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ளதற்கும் கணக்கு மாறி பில் எகிறும். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே இப்போது இல்லை. மதியத்தில் ஏசி போட்டால் யாரும் முறைப்பதில்லை. மாவு அரைப்பது, போர் மோட்டார் போடுவது, துணி மெஷின் எல்லாவற்றையும் பகலுக்கு மாற்றியாகிவிட்டது. நல்ல நாளில் 12, 13 யூனிட் வருகிறது. மேகமூட்டமான ஐப்பசி கார்த்திகையில் மூன்று நான்கோடு நின்ற நாட்களும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், கத்திரியில் அள்ளிக் கொட்டும் என்று நினைத்தது நடக்கவில்லை. பேனல் சூடேற ஏற அதன் திறன் இறங்கும். வெளிச்சம்தான் அதற்கு வேண்டும், அனல் வேண்டாம். மாசி பங்குனியில் வந்த அளவு கத்திரியில் வரவில்லை.

மற்றபடி சில்லறைத் தொல்லைகள். எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதை ஊற்றிக் கழுவினால் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகக் கறை படியும். பிடித்து வைத்த மழைத் தண்ணீரிலோ நல்ல தண்ணீரிலோ விடியற்காலையில் துடையுங்கள். உச்சி வெயிலில் கொதிக்கிற கண்ணாடியில் தண்ணீர் ஊற்றக் கூடாது. புறாக்கள் பேனலுக்கு அடியில் கூடு கட்டப் பார்த்தன, சுற்றிலும் வலை அடித்தாயிற்று. மேற்கே பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழல் மூன்று மணிக்கு மேல் ஓரத்துப் பேனலில் விழுகிறது. பேனல்கள் ஒன்றோடொன்று தொடராக இணைந்திருப்பதால் ஒன்றில் நிழல் விழுந்தாலே மொத்த யூனிட்டும் இறங்குகிறது. அந்த வீட்டு மாமா சொல்லாமலே மட்டைகளைக் கழித்துவிட்டார். மரத்தை வெட்டச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வராது, வருஷம் முழுக்க அந்த மரத்துத் தேங்காயைத்தான் சாப்பிடுகிறேன்.

போன மாதம் ஸ்டாண்டில் ஒரு சின்ன ரிப்பேர். துளை போட்ட இடங்களிலும் வெல்டிங் வைத்த இடங்களிலும் துரு கிளம்பியிருந்தது, நாலு போல்ட்டை மாற்ற வேண்டியதாயிற்று. குழாய் கால்வனைஸ் பண்ணியதுதான். ஆனால் மாடிக்குக் கொண்டுவந்து அறுத்துத் துளைத்தால் அந்த இடத்தில் பூச்சு போய்விடும். வேலை நடக்கும்போதே அங்கெல்லாம் ஜிங்க் பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்கள். நின்று பார்த்தால்தான் அடிப்பார்கள். எர்த் குழி மூன்று இருக்கிறதா என்றும் எண்ணிக்கொள்ளுங்கள்: பேனல் பக்கத்துக்கு ஒன்று, இன்வெர்ட்டரிலிருந்து வீட்டுக்கு வரும் பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்குத் தனியாக ஒன்று. ரெண்டோடு முடித்துவிட்டுப் போகப் பார்ப்பார்கள்.

ஆக, பில் குறைந்தது, அறை குளிர்ந்தது, பெரிய செலவு எதுவும் வைக்கவில்லை. மனசாட்சிப்படி பார்த்தால் ஐந்துக்கு நாலு கொடுக்க வேண்டும். நான் ரெண்டுதான் கொடுக்கிறேன். இன்றைக்கு எங்கள் பகுதிக்குப் பராமரிப்பு நாள். மணி பன்னிரண்டரை, வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, போனில் முப்பத்தெட்டு சதவீதம் சார்ஜ் மிச்சம். நாளைக்குக் கேட்டால் மூன்றரை என்று சொன்னாலும் சொல்லுவேன்.

போட நினைக்கிறவர்கள் ரெண்டு கொட்டேஷன் கேளுங்கள். ஒன்று சாதாரண ஆன்-கிரிட். இன்னொன்று லைனோடும் பேட்டரியோடும் ஓடக்கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டரோடு. ஹைப்ரிட்டில் பேட்டரியை இப்போதே மாட்ட வேண்டும் என்றில்லை, அப்புறம் கைக்கு வசதி வந்தபோது சேர்த்துக்கொள்ளும்படியான மாடல்கள் இருக்கின்றன. பேட்டரி சேர்த்த பிறகு, கரண்ட் போனதும் லைனைத் துண்டித்துக்கொண்டு வீட்டுக்கு மட்டும் ஓடும், லைன்மேன் அண்ணனுக்கும் ஆபத்தில்லை. ஆனால் பேட்டரிக்கென்று மானியம் கிடையாது, அந்தச் செலவு முழுக்க உங்களுடையது. ரெண்டு கொட்டேஷனுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து மயக்கம் வந்தால் ஆன்-கிரிட்டையே போட்டுவிட்டு, பராமரிப்பு நாளன்று எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வாருங்கள். சேர்ந்து திட்டலாம்.