ஒரு கேலிக் கால்பந்துச் சந்தா: ஏற்காட்டிலிருந்து மூன்று மாதம் பார்த்த அனுபவம்

என் மகள் அயர்லாந்தில் செவிலியர். அவள் வேலை பார்க்கும் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) நடக்கும், அந்த நாட்டின் சொந்த விளையாட்டான கேலிக் (Gaelic) கால்பந்தின் கிளப் சாம்பியன்ஷிப்பை நேரலையாகக் காட்டும் இணையச் சேவைக்கு, 2025 ஆகஸ்ட்டில் எனக்காக முழு சீசன் சந்தா கட்டினாள். ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் அக்டோபர் கடைசி வரை பார்த்தேன். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளி மைதானத்தில் விசில் ஊதிய உடற்கல்வி ஆசிரியன் நான். பிள்ளைகளை அந்த நாட்டுக்கு அனுப்பிவிட்டு இங்கே இருக்கும் இரண்டு மூன்று பேர், அந்தச் சந்தாவை வாங்கலாமா என்று கேட்டார்கள். அவர்களுக்காகவும் அவர்களைப் போன்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

வாங்குங்கள். ஆனால் இறுதி ஆட்டத்துக்கு மட்டும் தனி டிக்கெட் எடுக்காதீர்கள். ஆகஸ்ட்டிலேயே முழுச் சந்தாவாகக் கட்டுங்கள். ஆறு ஆட்டம் பார்த்தாலே போட்ட பணம் கழிந்துவிடும். இந்தச் சாம்பியன்ஷிப்பின் உயிர் இறுதி ஆட்டத்தில் இல்லை, ஊர் மைதானங்களில் நடக்கும் பிரிவு ஆட்டங்களில்தான் இருக்கிறது.

காரணம் இதுதான். அங்கே கவுண்டி அணிகள் மோதும் அகில அயர்லாந்துப் போட்டி ஜூலையில் முடிகிறது. அதன் இறுதி ஆட்டம் நடக்கும் டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் 82,300 பேர் உட்காரலாம். அங்கே ஆடியவர்கள் அடுத்த மாதமே சொந்த கிளப்புக்குத் திரும்பிவிடுகிறார்கள். கிளப் என்பது பெரும்பாலும் ஒரு பங்கு, அதாவது ஒரு கத்தோலிக்கக் கோவிலைச் சேர்ந்த ஊர்ப்பகுதி. ஏற்காட்டுக்காரர்களுக்குப் பங்கு என்றால் விளக்க வேண்டியதில்லை. கிளப்பில் அண்ணன் தம்பிகளோடும் பள்ளித் தோழர்களோடும் ஆடுகிறார்கள். கவுண்டி அணி, கிளப் இரண்டிலும் சம்பளம் கிடையாது. கெர்ரி கவுண்டியின் டேவிட் கிளிஃபர்டு இன்றைய ஆட்டக்காரர்களில் முதல் வரிசையில் நிற்பவர். அவருடைய கிளப் கில்லார்னி பக்கத்தில் உள்ள ஃபோசா என்ற சின்ன ஊர். கெர்ரியில் சிறிய கிளப்புகள் சேர்ந்து ஒரு வட்டார அணியாகவும் ஆடலாம் என்பதால், சீனியர் சாம்பியன்ஷிப்பில் ஈஸ்ட் கெர்ரி அணிக்கும் ஆடியிருக்கிறார். நம் மாவட்டத்துக் கிரிக்கெட் வீரர் சின்னப்பம்பட்டி நடராஜன் ஊரில் டென்னிஸ் பந்தில் தொடங்கிச் சென்னைக்குப் போன பிறகுதான் மேலே வர முடிந்தது. ஊரில் இருந்தபடியே உச்சிக்குப் போகலாம், உச்சியில் இருந்தபடியே ஊருக்கும் ஆடலாம் என்று ஒரு நாடு தன் விளையாட்டை அமைத்து வைத்திருப்பதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஆட்டம் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு முதல் வாரம் குழப்பமாக இருக்கும். ஓர் அணிக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையிலும் எடுக்கலாம், ஆனால் தரையில் கிடப்பதை அப்படியே கையால் அள்ளக் கூடாது. கால் நுனியால் நிமிண்டிக் கைக்கு ஏற்ற வேண்டும். கையில் வைத்து நான்கு காலடிக்கு மேல் ஓடக் கூடாது. அதற்குள் தரையில் ஒரு தட்டு, அல்லது காலில் விட்டு மறுபடி கைக்கு வரும்படி ஓர் உதை. அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் தவறு. மகள் விடுமுறையில் வந்தபோது ஒரு பந்து கொண்டுவந்தாள். நம் கால்பந்தைவிடக் கனம் கொஞ்சம் கூடுதல். பக்கத்து வீட்டுப் பையன்களிடம் கொடுத்து, ஓடிக்கொண்டே காலில் விட்டு எடுக்கச் சொன்னேன். நின்ற இடத்தில் எல்லோருக்கும் வந்தது. ஓடத் தொடங்கியதும் பந்து முழங்காலில் பட்டு மிளகுக் கொடிக்குள் போனது. அதற்குப் பிறகு திரையில் ஒருவன் முழு வேகத்தில், எதிராளி தோளில் இடிக்க, அதைச் செய்வதைப் பார்த்தபோது என் கண்ணே மாறிவிட்டது.

சேவையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு கேமரா. ஆட்டம் அந்தக் கோடியில் இருந்தால் ஆட்கள் எறும்பாகத் தெரிவார்கள். மறுஒளிபரப்புக் காட்சி கிடையாது. இரண்டு மைதானங்களிலிருந்து வந்த ஆட்டங்களில் திரையில் ஸ்கோரே வரவில்லை. நான் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன், கொடியைப் பார்த்து. ஹெச் வடிவக் கம்பங்களின் இரு பக்கமும் வெள்ளைக் கோட்டுப் போட்ட இரண்டு பேர் நிற்பார்கள். பந்து குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் வெள்ளைக் கொடி, ஒரு புள்ளி. கீழே வலைக்குள் போனால் பச்சைக் கொடி, கோல், மூன்று புள்ளிகள். ஸ்கோரையும் 2-8 என்று கோல் தனியாக, புள்ளி தனியாக எழுதுவார்கள். 2-8 என்றால் 14. எதிரணி 0-15 என்றால் கோலே போடாத எதிரணிதான் முன்னிலை. இது பிடிபட்டுவிட்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

2025-இல் விதிகளும் மாறியிருந்தன. முன்பு மொத்த அணியும் தன் கோல் முன்னால் குவிந்து நிற்கும், எதிரணி பக்கவாட்டில் கைமாற்றிக்கொண்டே இருக்கும். பழைய ஆட்டங்களின் பதிவைப் பார்த்தால் அலுப்புத் தட்டுகிறது. டப்ளினின் முன்னாள் பயிற்சியாளர் ஜிம் கேவின் தலைமையிலான குழு இதற்கு ஒரு வழி கண்டது. ஒவ்வோர் அணியும் மைதானத்தின் இரு பாதிகளிலும் குறைந்தது மூன்று பேரை நிறுத்த வேண்டும். கோலிலிருந்து 40 மீட்டர் தள்ளி வரைந்த வளைவுக்கு வெளியிலிருந்து கம்பிக்கு மேலே அடித்தால் இரண்டு புள்ளிகள். அதற்கு ஆரஞ்சுக் கொடி.

அந்த ஆரஞ்சுக் கொடியை நான் மறக்க மாட்டேன். அக்டோபரில், கீழ் மட்டச் சாம்பியன்ஷிப்புக்கு இறங்காமல் தப்பிக்க இரண்டு கிளப்புகள் மோதிய ஆட்டம். அங்கேயும் மழை, இங்கேயும் மழை. பச்சை ஜெர்சி அணி ஒரு புள்ளி பின்தங்கி இருந்தது. கடைசி நிமிடத்தில் ஃப்ரீ கிக். அடிக்க வந்தவன் பந்தை வளைவுக்கு வெளியே வைத்து, ஜெர்சியில் கையைத் துடைத்தான், இடது காலால் அடித்தான். கேமராவுக்குப் பந்து தெரியவில்லை. வெள்ளைக் கோட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தார், குனிந்தார், எடுத்தது ஆரஞ்சு. வர்ணனையாளர் இருவருக்கும் பேச்சு வரவில்லை. நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.

வர்ணனைதான் இந்தச் சேவையின் பெரிய பலம். உள்ளூர்க்காரர்கள். உச்சரிப்பு காதுக்குப் பழக மூன்று வாரம் ஆகும். பழகிவிட்டால், இவன் இன்னார் மகன், இவன் தாத்தாவும் இதே இடத்தில் ஆடியவர் என்று ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து கேட்பது போல இருக்கும்.

நேரத்தில் கவனமாக இருங்கள். அங்கே பிற்பகல் 2 மணி ஆட்டம் நமக்கு மாலை 6.30. அக்டோபர் கடைசி ஞாயிறு அன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புகிறார்கள், அதன் பிறகு 7.30. இறுதி ஆட்டம் சரியாக அந்த ஞாயிறு. மலையில் மழைக்கு இணையம் தாக்குப்பிடிக்காது என்று பயந்து, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்தில் தங்கை வீட்டுக்கு வந்திருந்தேன். 6.30-க்குத் திரை கறுப்பாகவே இருந்தது. சேவைதான் பழுது என்று மகளுக்குக் கோபமாக ஃபோன் செய்தேன். "அப்பா, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது" என்றாள்.

எனக்கு உள்ள ஒரே பெரிய குறை, ஆட்டப் பதிவுகளை ஏழு நாளில் எடுத்துவிடுகிறார்கள். அந்த இடது கால் உதையை மறுபடி பார்க்கப் போனபோது இல்லை. முழுச் சந்தா கட்டியவருக்குச் சீசன் முடியும் வரையாவது வைத்திருக்க வேண்டும் என்று எழுதினேன். மறுநாளே மரியாதையாகப் பதில் வந்தது, ஆனால் பதிவு வரவில்லை.

வரும் ஆகஸ்ட்டுக்கு நானே பணம் கட்டுகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். பச்சை ஜெர்சிக்காரர்கள் எந்தப் பிரிவில் விழுகிறார்கள் என்று குலுக்கல் முடிந்ததும் அவள் சொல்வாள்.