தண்டுவட நீர்க் கசிவுக்குச் சிகிச்சை: மதுரை நரம்பியல் பிரிவு ஒன்றைப் பற்றிய மதிப்புரை

மதுரையில் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றின் நரம்பியல் பிரிவில் என் அப்பா சிகிச்சை பெற்றார். காரணம் தெரியாத நடுக்கத்தோடும் தள்ளாட்டத்தோடும் அலைகிற குடும்பங்களுக்குப் பயன்படலாம் என்பதால் அந்தச் சேவையைப் பற்றி எழுதுகிறேன்.

அப்பா நடக்கும்போது கால்களை அகட்டி வைத்துத் தடுமாறுவார், கைகளும் நடுங்கின. வேறோர் இடத்தில் நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்) என்று கூறி அதற்கான லெவோடோபா மாத்திரை கொடுத்திருந்தார்கள், பலன் இல்லை. இங்குள்ள மருத்துவர், காலையில் எழுந்ததும் எப்படி இருக்கிறது, மாலையில் எப்படி இருக்கிறது, படுத்தால் தலைவலி குறைகிறதா என்று கேட்டார். படுத்து எழுந்தவுடன் ஒருமுறையும் வெகுநேரம் நின்ற பிறகு ஒருமுறையும் நடக்கவைத்துப் பார்த்தார். இந்தப் பொறுமை ஒன்றுக்காகவே இப்பிரிவை நான் பரிந்துரைப்பேன்.

அப்பாவுக்கு இருந்தது தண்டுவட நீர்க் கசிவு. அந்நோயை அவர் விளக்கிய விதமும் தெளிவாக இருந்தது. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள திரவம் பெரியவர்களுக்கு ஏறக்குறைய 150 மில்லி. நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லி சுரக்கிறது. முதுகுத்தண்டில் அத்திரவத்தை வெளியேறாமல் காக்கும் டியூரா உறை கிழிந்தாலோ, திரவம் நேராகச் சிரைக்குள் வடியும் பாதை உருவானாலோ, அதில் மிதக்க வேண்டிய மூளை கீழ்நோக்கிச் சரிகிறது. அப்போது நடுமூளையும் சிறுமூளையோடு தொடர்புடைய நரம்புப் பாதைகளும் இழுபடுவதால், தள்ளாட்டம், நடுக்கம், நடுக்குவாதம் போன்ற மந்தம், அரிதாகக் கைகால்கள் தாமாகத் துள்ளுவது ஆகியவை வரலாம் எனக் கருதப்படுகிறது. மருந்து ஏற்றி எடுத்த எம்ஆர்ஐ படத்தில் மூளையுறை ஒளிர்ந்ததையும் மூளைத்தண்டு சரிந்திருந்ததையும் எங்களுக்கே காட்டினார். அத்திரவத்தின் அழுத்தம் 60 மில்லிமீட்டர் நீர் என்ற அளவுக்குக் கீழே இருப்பது இந்நோயைக் காட்டும் என்றாலும், இந்நோய் உள்ள பலருக்கு அழுத்தம் இயல்பாகவே இருக்கும். அதை மட்டும் வைத்து நோய் இல்லையென்று ஒதுக்கக் கூடாது என்றும் சொன்னார்.

அப்பாவின் இரத்தத்தையே எடுத்து, முதுகில் டியூரா உறைக்கு வெளியே செலுத்தும் பிளட் பேட்ச் சிகிச்சை செய்தார்கள். முதலில் தலைவலி தணிந்தது. நடை மெல்ல மெல்லத்தான் சீரானது. செலவு மதிப்பீட்டை முன்னதாகவே எழுதிக் கொடுத்தது நிம்மதியாக இருந்தது.

குறை, வீட்டுக்கு அனுப்பும்போது நேர்ந்தது. குறிப்பில் "ஓய்வு" என்று மட்டுமே இருந்தது. குனிவது, பாரம் தூக்குவது, மலச்சிக்கலில் முக்குவது ஆகியவற்றைச் சில வாரங்கள் தவிர்க்க வேண்டும் என்பதை நாங்களே கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். கசிவு அடைபட்ட பின் அழுத்தம் கூடி, படுத்தால் அதிகமாகும் வேறொரு தலைவலி வரலாம் என்பதை யாரும் சொல்லவில்லை. அது வந்த இரவில் அவசர எண்ணில் பேசியவருக்கும் பதில் தெரியவில்லை. இவ்வளவு நுட்பமாக நோயைக் கண்டறிகிற ஒரு பிரிவு, ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பை அச்சிட்டுக் கொடுத்தால் அந்த இரவின் அச்சம் நோயாளிகளுக்கு நேராது.

இங்கு செல்வோர், பழைய ஸ்கேன் படங்களின் குறுந்தகடுகளையும், நோயாளி காலையிலும் மாலையிலும் நடப்பதைக் கைப்பேசியில் எடுத்த காணொளிகளையும் கொண்டு செல்லுங்கள். மருத்துவர் அவற்றை முழுமையாகப் பார்க்கிறார்.