ஆறு அங்குலத் திரையும் டெம்மி புத்தகமும்

மின்னூலா அச்சு நூலா என்று யோசிப்பவர்கள் விலையையும் அலமாரி இடத்தையும்தான் கணக்குப் போடுகிறார்கள். அதற்கு முன், அந்தப் புத்தகத்தை எப்படிப் படிக்கப் போகிறோம் என்று பாருங்கள். முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிவரை நேராகப் போகிற நாவலுக்கு மின்னூல் தாராளமாகப் போதும். முன்னும் பின்னும் புரட்ட வைக்கும் வரலாறு, படங்கள் நிறைந்த நூல், கவிதை என்றால் அச்சில் வாங்குங்கள். கவிஞர் ஒடித்த இடத்தில் ஒடியாமல், திரையின் அகலத்துக்கு ஏற்ப வரி ஒடிந்தால் அது வேறு கவிதை.

தடித்த நாவலில் மின்னூலின் பெரிய லாபம் எடை. 800 பக்க டெம்மி புத்தகத்தை (ஏறக்குறைய 14 x 21.5 செ.மீ. அளவு) 70 ஜிஎஸ்எம் தாளில், அதாவது சதுர மீட்டருக்கு 70 கிராம் எடையுள்ள தாளில் அச்சிட்டால் தாள் மட்டுமே ஏறக்குறைய 850 கிராம். மின்னூல் படிப்பதற்கென்றே உள்ள கருவியான இ-ரீடர், ஆறு அங்குலத் திரையோடு பெரும்பாலும் 200 கிராமுக்குள் அடங்கிவிடும். படுத்தபடி படிப்பவர்களின் மணிக்கட்டுக்கு இந்த வித்தியாசம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். இந்தக் கருவிகளில் உள்ள, அச்சுத் தாள் போலத் தெரியும் இ-இங்க் திரை பக்கம் மாறும்போதுதான் மின்சாரம் கேட்கும். அதனால் திரை விளக்கைக் குறைவாக வைத்தால் ஒரு சார்ஜ் வாரக்கணக்கில் வரும்.

தமிழ் படிப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நம் சொற்கள் நீளம். ‘எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்ற ஒரே சொல், எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வரி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். இரு ஓரமும் சீராக இருக்கும்படி அமைப்பு இருந்தால், அந்தச் சொல் கீழே இறங்கியதும் மேல்வரியில் மிஞ்சிய இரண்டு சொற்களுக்கு நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழும். இடது ஓரம் மட்டும் சீராக இருக்கும்படி மாற்றி, பக்க ஓர வெற்றிடத்தையும் குறைத்துவிடுங்கள், கண் தடுக்காது. சொல்லைத் தொட்டால் அகராதி விரியும் வசதியை அதிகம் நம்ப வேண்டாம். ‘மரத்திலிருந்து’ என்பதிலிருந்து ‘மரம்’ என்ற தலைச்சொல்லுக்குப் போகத் தெரியாத அகராதி கையை விரித்துவிடும்.

பிடிஎஃப் கோப்பை மின்னூல் என்று நம்பி வாங்காதீர்கள். ஏ4 தாள் அளவில் அமைத்த பிடிஎஃப் பக்கத்தின் அகலம் 21 சென்டிமீட்டர், ஆறு அங்குலத் திரையின் அகலம் சுமார் 9. பக்கம் அப்படியே சுருங்குவதால் 12 புள்ளி எழுத்து 5 புள்ளியாகிவிடும். பெரிதாக்கினாலோ ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுக்க வேண்டும். மின்னூலுக்கென்றே உள்ள இ-பப் வகைக் கோப்பில் எழுத்து திரைக்கேற்ப ஓடி அமரும், இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பழைய நூலை ஸ்கேன் செய்து எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தை அடையாளம் காணும் மென்பொருள்) மூலம் மாற்றிய இ-பப்பில், துணைக்கால் ‘ர’ ஆகவும் ‘ர’ துணைக்காலாகவும் மாறிக் கிடக்கலாம். மாதிரிப் பக்கங்களை இறக்கி, பத்துப் பக்கம் படித்துப் பார்த்த பிறகே வாங்குங்கள். அட்டவணையோ வரைபடமோ இருந்தால் பெரிதாக்கிப் பாருங்கள், பாதிக்கு மேல் மங்கலாக இருக்கும் நூல்களும் விற்பனையில் உண்டு.

அச்சு நூலில் பார்க்க வேண்டியது முதுகு. மேலிருந்து பார்த்தால் தாள்கள் மடிப்பு மடிப்பாகக் கற்றைகளாகத் தெரிந்து, கற்றையின் நடுவில் நூல் ஓடினால் அது தையல் பைண்டிங்; பல கைகள் மாறினாலும் தாங்கும். ஒற்றைத் தாள்களாக வெட்டிப் பசையில் ஒட்டியிருந்தால், தடித்த புத்தகத்தை ஒரேயடியாக விரிக்கும்போது பசை வெடித்து நடுத்தாள்கள் கழன்றுவரும். புதிதாக வாங்கியதும் முன்னால் சில தாள், பின்னால் சில தாள் என மாறி மாறி மெல்ல அழுத்தி நடுப்பக்கத்துக்கு வாருங்கள். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். ஈரம் தங்கினால் பூஞ்சையும் ராமபாணப் பூச்சியும் வந்துவிடும்.

மின்னூல் கடையில் பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது படிக்கும் உரிமம்தான். மைக்ரோசாஃப்ட் 2019இல் தன் மின்னூல் கடையை மூடியபோது பணத்தைத் திருப்பித் தந்தது, ஆனால் வாங்கிய நூல்கள் திறக்கவில்லை. மறுபடி மறுபடி படிக்கப் போகும் நூலை அச்சிலோ, நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லாத இ-பப்பாகவோ வாங்கி, கோப்பை இரண்டு இடங்களில் வையுங்கள்.

இ-ரீடர் உடைவது பெரும்பாலும் பைக்குள்தான். பல கருவிகளில் திரைக்கு அடியில் மெல்லிய கண்ணாடி இருக்கிறது. சாவியோ தண்ணீர்ப் பாட்டிலோ அழுத்தினால், மேலே கீறல் தெரியாமலே உள்ளே விரிசல் விட்டுக் கோடுகள் நிலைத்துவிடும். திரை மாற்றும் செலவு பல நேரம் புதுக் கருவியின் விலையை நெருங்கும் என்பதால் கெட்டியான மூடியுறையைக் கருவியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். பல மாதம் தொடாமல் வைப்பதானால் பாதிச் சார்ஜில் அணைத்து வையுங்கள். முழுக்கத் தீர்ந்த நிலையில் கிடந்தால் பேட்டரி மறுபடி ஏறாமலே போகலாம்.