பத்தமடைப் பாய்க்கு ஓர் இணையக் கடை: மூன்று வருடக் கணக்கு

2022 ஜூலையில், ஆடி பிறந்த மூன்றாம் நாள் கடைக் கணக்கைத் தொடங்கினோம். "ஆடியில போய் யாராவது கடை தொறப்பாளா?" என்றார் அத்தை. சென்னையில் வேலை பார்க்கும் அக்கா மகன் லீவில் வந்திருந்தது அப்போதுதான்; அவனை விட்டால் எனக்கு ஆள் இல்லை. மாத வாடகைக்குக் கடை தரும் வெளிநாட்டுத் தளம் ஒன்றில் பெயர், மின்னஞ்சல், கடவுச்சொல் எல்லாம் அவனே போட்டு, 20 நிமிடத்தில் "முடிஞ்சுது சித்தி" என்றான். முதல் விற்பனைப் பணம் என் வங்கிக் கணக்கில் விழ 41 நாள் ஆனது. அதற்குள் ஆவணி பாதி போய்விட்டதால் அத்தைக்குத் திருப்தி.

நான் விற்பது பத்தமடைப் பாய். திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி போகும் வழியில் இருக்கும் ஊர். தாமிரபரணிக் கரைக் கோரையைக் கிழித்து, ஊறவைத்து, சாயம் ஏற்றி, பருத்தி நூல் பாவில் நெய்வார்கள். புவிசார் குறியீடும் உண்டு. மெல்லிய ரகமான பட்டுப்பாயைத் துணி மாதிரி மடித்துவிடலாம். இந்த மடிப்பு பின்னால் வரும், நினைவில் வையுங்கள்.

41 நாளில் பெரும்பகுதியைத் தின்றது என் பெயர். ஆதாரில் இன்ஷியல் பின்னால். பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக. வங்கிப் புத்தகத்தில் கல்யாணத்துக்கு முன் போட்ட எழுத்து, இன்ஷியல் முன்னால். போதாததற்கு, பெயரில் வரும் லட்சுமிக்கு ஒன்றில் எக்ஸ், இன்னொன்றில் கே-எஸ்-எச். பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே நிறுவனம் வங்கிக் கணக்குக்கு ஒரு ரூபாய் அனுப்பி, அங்கே வரும் பெயரைப் பான் பெயரோடு ஒப்பிட்டுப் பார்க்கும். என் பெயர் இரண்டு முறை தோற்றது. நம்மூரில் பாதிப் பேருக்கு இந்தக் கதைதான் இருக்கும். கடை திறக்கும் யோசனை இருந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முன் மூன்று அட்டைகளையும் மேசையில் வரிசையாக வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். பானுக்கு ஏற்றபடி மற்ற இரண்டையும் மாற்றுவதுதான் எனக்குச் சுலபமாக இருந்தது.

அடுத்து முகவரி. வீட்டுக்குப் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. கரண்ட் பில் மாமனார் பெயரில். ஜிஎஸ்டி விண்ணப்பத்தில் நான் புதிய எண்ணை மட்டும் போட, பில்லில் பழைய எண் இருக்க, கேள்வியோடு திரும்பி வந்தது. ஏழு வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். மாமனாரிடம் சம்மதக் கடிதம் வாங்கி, வீட்டு வரி ரசீதையும் சேர்த்த பிறகு ஜிஎஸ்டி எண் கிடைத்தது.

ஜிஎஸ்டி தேவையா என்பதே ஒரு தனிக் கதை. பாய் கைவினைப் பொருள். வருட விற்பனை 20 லட்சம் வரை பதிவில்லாமலே வெளிமாநிலத்துக்கு அனுப்பலாம் என்றார் ஆடிட்டர். கேட்க இனிப்பாக இருந்தது. ஆனால் அந்தச் சலுகையில் அனுப்பினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஒவ்வொரு பொதிக்கும் இ-வே பில் என்ற சரக்குப் போக்குவரத்துச் சீட்டை இணையத்தில் போட வேண்டும். மற்றவர்களுக்குப் பொதுவாக 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் அந்த வேலை. பெங்களூருக்குப் போகும் 900 ரூபாய்ப் பாய்க்கு இ-வே பில்லா? பதிவே செய்துவிடுங்கள் என்றேன். உள்ளூர் விற்பனை மட்டும் செய்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. பெரிய சந்தைத் தளங்களில் விற்க முன்பெல்லாம் ஒரு ரூபாய் விற்றாலும் ஜிஎஸ்டி கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல், சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு அது தளர்ந்தது.

இடையில் ஓர் அசட்டுத்தனம். குறுந்தொழில்களுக்கான உத்யம் பதிவு அரசு தளத்தில் முழுக்க இலவசம். நான் தேடியபோது முதலில் வந்த, அரசு தளம் போலவே தோற்றம் கொண்ட ஏதோ ஒன்றில் 2,000 ரூபாய் கட்டினேன். சான்றிதழ் என்னவோ உண்மையானதுதான் வந்தது. நானே போட்டிருந்தால் கால் மணி நேரம்.

கடையின் உள்வேலை பற்றி நிறைய சொல்ல ஒன்றுமில்லை. தனியுரிமை, திருப்பி அனுப்புதல், டெலிவரி, தொடர்பு என்று நான்கு பக்கங்கள் இல்லாமல் கேட்வே அனுமதி தராது. 2020-ல் வந்த மின் வணிக விதிகளின்படி குறைதீர்ப்பு அலுவலர் பெயரும் போட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்தில் கிடைத்தது என்று சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். எங்கள் கடையின் குறைதீர்ப்பு அலுவலர், கணக்குப்பிள்ளை, பொதி கட்டுபவர் எல்லாம் நான்தான்.

செலவுக்கு வருவோம். 1,200 ரூபாய்ப் பாய்க்குக் கேட்வே 2 சதவீதம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி; ஆக 28 ரூபாய் 32 காசு. தங்கள் சொந்த கேட்வே இல்லாமல் வேறொன்றைப் பயன்படுத்துவதால் கடைத் தளம் தனியாக இன்னொரு 2 சதவீதம் எடுக்கிறது. அந்தச் சொந்த கேட்வே இந்தியாவில் கிடையவே கிடையாது! விலைப் பட்டியலில் சிறிய எழுத்தில் இருந்ததை நாங்கள் படிக்கவில்லை.

ஆனால் என்னை உண்மையில் கடித்தது கூரியர். தளத்தில் எடை என்று ஒரு கட்டம் இருந்தது. தராசில் வைத்து 1.2 கிலோ என்று போட்டேன். கூரியரில் பருமன் எடை என்று ஒன்று உண்டு: நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000-ஆல் வகுப்பார்கள். நிஜ எடை, பருமன் எடை இரண்டில் எது அதிகமோ அதற்குக் காசு. சுருட்டிய பாய் 92, 13, 13. கணக்குப் போட்டால் 3.1 கிலோ. வாடிக்கையாளரிடம் 1.2 கிலோவுக்கு வாங்கி, கூரியருக்கு 3.1 கிலோவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மாதக் கடைசி பில் வரும்போது 17 பொதி போயிருந்தது. மடிக்கக்கூடிய பட்டுப்பாய் 45, 30, 6 அளவில் அடங்கிவிடும், 1.6 கிலோதான். இன்றைக்குக் கடையின் முதல் வரிசையில் பட்டுப்பாய் இருப்பதற்கு அழகு மட்டும் காரணமில்லை.

கேஷ் ஆன் டெலிவரி ஐந்து மாதம் வைத்திருந்து மூடினேன். போன பாய் ஈரம் ஏறித் திரும்பி வந்தால் அதை நான்தான் வீட்டில் விரித்துப் படுக்க வேண்டும்.

இனி, கடையே கைவிட்டுப் போகப் பார்த்த கதை. தப்பு எங்களுடையது. 2023 நவம்பரில் அக்கா மகன் துபாய் போனான். இங்கே இருந்த சிம்முக்கு ரீசார்ஜ் இல்லை. சில மாதத்தில் எண் செத்துப்போனது. ஒருநாள் தளம் என்னை வெளியேற்றிவிட்டு ஓடிபி கேட்டது. எந்த எண்ணுக்கு? செத்த எண்ணுக்கு. "சித்தி, அந்த சிம் எங்க கெடக்குன்னே தெரியல" என்றான் வாட்ஸ்அப்பில். கடை திறந்தே இருந்தது, ஆர்டர் வந்துகொண்டே இருந்தது, கேட்வேயிலிருந்து பணமும் வந்தது. யாருக்கு, எந்த முகவரிக்கு என்பது மட்டும் எனக்குத் தெரியாது. அவன் மின்னஞ்சலுக்கு வருவதைப் படம் பிடித்து அனுப்ப, நான் நோட்டில் எழுதிப் பொதி கட்டினேன். கணக்கின் உரிமையாளர் என்ற இடத்திலும் அவன் பெயர், கடையின் இணைய முகவரியான டொமைனும் அவன் பெயரில். கேட்வே மட்டும் என் பானில் இருந்ததால், அந்தக் காகிதங்களையும் ஜிஎஸ்டி சான்றிதழையும் காட்டி மீட்க முடிந்தது. 16 நாள்.

இப்போது கடைக்கென்று தனி சிம், தனி மின்னஞ்சல். அக்கா மகன் பணியாளர் கணக்கில் உள்ளே வருகிறான். ஓடிபி வராவிட்டாலும் உள்ளே நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளை அச்செடுத்து பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

மூன்று வருடத்தில் நன்றாக ஓடுவது கல்யாணப் பாய். மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து தருவது பத்தமடை வழக்கம். பெயர் எழுத ஒரு கட்டம் வைத்தால் போதும் என்று நினைத்தோம். ஆங்கிலத்தில் தட்டி அனுப்புகிறார்கள். அது கலாவா காலாவா என்று யார் சொல்வது? ஒரு பாய் வீணான பிறகு, தமிழில் எழுதிப் படம் அனுப்பி, சரி என்று பதில் வந்தால்தான் நெய்பவரிடம் சொல்வது என்று வைத்துக்கொண்டோம்.

போன வாரம் வந்த ஆர்டரில் மாப்பிள்ளை பெயர் இன்ஷியலோடு இருந்தது. முன்னாலா, பின்னாலா என்று கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் தறியில் ஏறும்.