ஹட்டன் கணித வகுப்பு: எட்டு மாத அனுபவம்

மகள் தரம் 11. கணிதம் என்றாலே வயிற்றுவலி என்று படுத்துக்கொள்பவள். எட்டு மாதமாக ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மாடியில் நடக்கும் வகுப்புக்குப் போகிறாள். மாதம் 2,000 ரூபாய். கொழுந்து பறிக்கும் எனக்கு அது சின்னத் தொகை இல்லை.

முன்பு போன வகுப்பில் புள்ளிகளை எல்லோர் முன்னாலும் வாசிப்பார்கள். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளைச் சொல்லி, "லயத்துப் பிள்ளைதானே" என்ற பேச்சும் காதில் விழுந்தது. இந்த சேர் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கிறார். விடைத்தாளை மடித்து அவரவர் கையில் கொடுக்கிறார். தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் மாதிரியில் வைத்த முதலாம் வினாத்தாளின் 25 சிறு வினாக்களில் மகளுக்கு ஒன்பதுதான் சரி. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "மூன்றாம் படி வரை சரி. குறி மட்டும் மாறிவிட்டது." அந்தத் தாளை அவள் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

ஒருநாள் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் போன் வந்தது. பயந்துகொண்டே எடுத்தேன். பிள்ளை இன்று தானாகவே கை உயர்த்திக் கேள்வி கேட்டாள் என்று சொல்லத்தான் அழைத்தாராம்! ஆசிரியர் அழைத்தால் குறை சொல்லத்தான் என்று நினைத்திருந்தவள் நான். பையை இறக்கவும் மறந்து நின்றேன்.

குறையும் உண்டு. ஓர் அறையில் நாற்பது பேர். கடைசி வாங்கில் பலகை தெரியாது. முடிய ஐந்தரை ஆகிவிடுகிறது, மழைக்காலத்தில் பஸ்ஸும் நிச்சயமில்லை. சொன்னதும் தூரத்துப் பிள்ளைகளைப் பத்து நிமிடம் முன்னதாக அனுப்புகிறார். ஆனால் வீட்டுவேலைக் கணக்கை அந்தப் பத்து நிமிடத்தில்தான் சொல்கிறார்.