தார்ன்டனா, மார்லோவா?

1997-இல், வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். டிராஃப்டில் (அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) ஜோ தார்ன்டனை முதல் ஆளாக பாஸ்டன் எடுத்தது. அடுத்த வாய்ப்பில் பேட்ரிக் மார்லோவை சான் ஹோசே எடுத்தது. இருவருமே நாற்பது வயதைத் தாண்டியும் களத்தில் நின்றார்கள். இவர்களில் யாருடைய ஆட்டம் முதுமையை நன்றாகத் தாங்கியது?

ஆட்டங்களை மட்டும் எண்ணினால் மார்லோதான் முன்னே: 1,779. கார்டி ஹோவின் 1,767 என்ற பழைய சாதனையை 2021 ஏப்ரலில் முறியடித்தார். தொடர்ச்சியாக 910 ஆட்டங்கள் ஆடிய உடம்பு அது!

தார்ன்டன் 1,714 ஆட்டங்களோடு நின்றார். இரண்டு முழங்கால்களிலும் அறுவை சிகிச்சை. ஆனால் புள்ளிகளை (அடித்த கோலுக்கு ஒன்று, கோலுக்கு உதவிய பாஸுக்கு ஒன்று) பாருங்கள்: மார்லோ 1,197, தார்ன்டன் 1,539. அதில் 1,109 பிறர் கோல் அடிக்க இவர் கொடுத்த பாஸ்களால் வந்தவை. கால் தளர்ந்தாலும் பாஸ் கொடுக்கும் கண் தளராது என்பதால், இவருடைய ஆட்டம் முதுமையைத் தாங்கியது. முதல் பருவத்தில் 55 ஆட்டங்களில் வெறும் 7 புள்ளிகள்தான் எடுத்தார் என்பதை இன்று யார் நம்புவார்கள்?

2005-06 பருவத்தின் நடுவில் பாஸ்டன் இவரை சான் ஹோசேவுக்கே அனுப்பியது. அதே பருவத்தில் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் விருதை வென்றார். என் ஓட்டு தார்ன்டனுக்கு. லீக்கின் சாம்பியனுக்குத் தரும் ஸ்டான்லி கோப்பை மட்டும் இருவருக்குமே கிட்டவில்லை. 2016 இறுதிச் சுற்றில் பிட்ஸ்பர்க்கிடம் சேர்ந்தே தோற்றார்கள்.